ஒரு காருக்கு இரண்டு பேர்

“நீங்கள் சொல்லுங்கோ.”

“இல்லையில்லை, நீங்கள் முதல்ல சொல்லுங்கோ.”

மேசைக்கு முன்னால் இருந்த கணவனும் மனைவியும் இப்படி மாறி மாறி விட்டுக்கொடுத்ததைப் பார்த்து அருள்நாயகம் அசந்துபோனார். ஸ்காபரோ பிளாசா ஒன்றில், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில், இன்சூரன்ஸ் ஒஃபிஸ் வைத்திருப்பவர் அவர். புதுக் கார் வாங்க வரும் சோடிகள் அவருடைய கதிரையில் இருந்துகொண்டுதான் கார் நிறத்தில் தொடங்கி மாமியார் வரை சண்டை பிடிப்பார்கள்.

கடைசியில் மனைவி நிரோஷினிதான் கதையைத் தொடங்கினாள். போன வருடம் இரண்டு பேருமாக ஒரு எலெக்ட்ரிக் காருக்குப் பதிந்து வைத்திருந்தார்களாம். கார் வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று டீலர் நேற்று அழைத்திருக்கிறான்.

“அண்ணை, ரெண்டு பேரையும் போட்டால் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்? ஒராளை மட்டும் போட்டால் எவ்வளவு? தனித்தனியாச் சொல்லுங்கோ.”

“ஒராள் எண்டால் ஆர்?”

“அது பிறகு முடிவெடுக்கலாம்,” என்றான் கணவன் அன்புராசா. “முதல்ல நிரோஷினிக்குப் பாருங்கோ. பிறகு எனக்கும் பாருங்கோ.”

விவரமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டே அருள்நாயகம் கொம்பியூட்டரைத் தட்டினார். வந்த தொகையைப் பார்த்து அவருக்கே முகம் சுருங்கியது.

“ஒளிக்காமல் சொல்லுறன், தங்கச்சி. உந்த எலெக்ட்ரிக் காருகளுக்கு இன்சூரன்ஸ் கூடத்தான். அடியில பற்றரியில ஒரு இடி பட்டுதெண்டால், திருத்திற காசுக்கு வேற காரே வாங்கலாம். அதுதான் கொம்பனிகள் பயப்பிடுறாங்கள். தனியாப் போட்டால் விலைக்கழிவும் ஒண்டும் இல்லை. உங்களுக்கும் அதுதான், தம்பிக்கும் அதுதான்.”

“ரெண்டு பேரும் எண்டால்?”

“அது வேற கதை. புருசன் பெண்சாதி, ஒரே வீடு, வீட்டு இன்சூரன்சையும் இதோட சேத்துப் போட்டால் நல்லாக் குறையும். சமாளிச்சுக்கொண்டு போகலாம்.”

அன்புராசா நாடியைத் தடவினான். “சரி அண்ணை, எடுத்த கையோட வித்தால்? போட்ட காசு வருமோ?”

அருள்நாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாங்க முதலே விக்கிற கதையோ? கார் டீலற்றை வாசலைத் தாண்டினால் அது பழங்கார், தம்பி. எலெக்ட்ரிக் எண்டால் கேக்கவே வேண்டாம். அடுத்த வருசம் ஒரு சார்ஜில இன்னும் கூடத் தூரம் ஓடுற மொடல் வந்திடும். உங்கடையை ஆர் திரும்பிப் பாப்பான்? கனகாலம் வச்சு ஓடினால்தான் கட்டுப்படியாகும்.”

“வேண்டாமெண்டு விட்டால் கட்டின அட்வான்சைத் தரமாட்டானாம்,” என்றாள் நிரோஷினி. குரல் இறங்கிப்போயிருந்தது. “கனகாலம் எண்டால்… எவ்வளவு காலம்?”

“கார் சாகுமட்டும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கொஞ்சம் வெளியில நிண்டு கதைச்சிட்டு வாறம், அண்ணை,” என்று எழுந்தான் அன்புராசா. அவளுக்குக் கதவையும் திறந்துவிட்டான்.

அருள்நாயகத்துக்குப் பொறுக்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் எடுத்தார். “அன்ரனெற், இஞ்ச ஒரு சோடி வந்திருக்குது. என்ன மரியாதையாக் கதைக்குதுகள் தெரியுமோ? ஒராள் முடிச்சாப் பிறகுதான் மற்றாள் வாய் திறக்குது. பாத்துப் படிக்கவேணும்.”

“அப்ப அங்கயே இருந்து நல்லாப் படிச்சுக்கொண்டு வாங்கோ,” என்று அன்ரனெற் போனை வைத்துவிட்டாள்.

சிரித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்தவருக்குத் திக்கென்றது. பனிச்சேற்றுக்குள் நின்று இரண்டு பேரும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொத்துப் பார்சலோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“நீர் எப்பவும் உப்பிடித்தான்!” என்று அவன் கத்துவது கதவைத் தாண்டிக் கேட்டது.

“நான் உப்பிடியோ? உங்கட அக்காவைக் கேளுங்கோ, ஆர் எப்பிடியெண்டு!”

கத்தியபடியே அவன் தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினான். அவளும் ஏச்சை நிறுத்தாமலே அவற்றை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அருள்நாயகம் தன்னையே நொந்துகொண்டார். பூவும் பிஞ்சுமாக இருந்த குடும்பத்தை இப்படிக் குழப்பிவிட்டோமே! விலை போகும், கவலைப்படாதேங்கோ என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கொஞ்ச நேரத்தில் மூக்கு நுனி சிவக்க இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அவர்கள் கதிரையில் இருக்க முதலே அருள்நாயகம் எழும்பிவிட்டார்.

“பிள்ளையள், ஒரு காருக்காகக் குடும்பத்துக்குள்ள பிரச்சினை வேண்டாம். அட்வான்ஸ் போனால் போகட்டும். உந்தக் காரை விடுங்கோ.”

“பிரச்சினை ஒண்டுமில்லை, அண்ணை,” என்றான் அன்புராசா, இன்னும் மூச்சு வாங்கியபடி. “ரெண்டு பேரையும் போடுங்கோ.”

அருள்நாயகத்துக்குப் போன உயிர் வந்தது. “அப்ப இண்டைக்கே தொடங்குவமோ?”

“ஒரு நிமிசம், அண்ணை.” நிரோஷினி கைப்பைக்குள் போனைத் தேடினாள். “முதல்ல லோயருக்கு ஒரு கோல் எடுக்கவேணும்.”

“இதென்ன கதை? ஒரு காருக்கு ஏன் பிள்ளை லோயர்?”

“காருக்கில்லை, அண்ணை. டிவோர்சை நிப்பாட்ட.”