மாப்பிள்ளை கேட்ட பிரேக்

"என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் வெச்சுக் குடுங்க. அப்படின்னா வர்றேன்."

தங்கை கணவர் இதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். கார் ஷெட்டில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் பஸ் டிப்போவில் ஃபிட்டர். ஆறு மாசமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவருக்குக் கிடையாது. தங்கை வீட்டுக்கு வந்து, அந்த நாற்பது வருஷத்துக் காரின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொள்வதோடு சரி.

"கேட்டியா? டிரைவிங் ஸ்கூல் வண்டி மாதிரி ரெண்டு பிரேக் வேணுமாம் மாப்பிள்ளைக்கு. பொண்டாட்டி ஓட்டுறதுல அவ்வளவு நம்பிக்கை."

"வெச்சுக் குடுத்துட்டுப் போவோம் அண்ணா. வர்றேன்னு அவர் வாயால சொல்லிட்டாரே, அதைப் பாரு."

அதுவும் நியாயம்தான். மூன்று வருஷமாக மாப்பிள்ளை பஸ், ரயில் எதிலும் ஏறியதில்லை. வேலைக்கும் நடைதான். இதே காரை அவர் ஓட்டிக்கொண்டு போனபோது மழையில் மரத்தில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த தங்கைக்கு இடது கையில் பிளேட் வைக்க வேண்டியதாயிற்று. ஷெட்டில் தள்ளிய காரை அதற்குப் பிறகு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மகளுக்கு ஒன்பதாம் மாசம். அவள் இருக்கும் ஊர் ஐந்து மணி நேரத் தொலைவு. போன் பண்ணினால், "அப்பா வருவாராம்மா?" என்பதுதான் முதல் கேள்வி.

"எந்த வண்டியைப் பாத்துப் பயந்தாரோ, அதே வண்டியிலதான் அவரைக் கூட்டிட்டுப் போவேன்" என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்குத்தான். பாதி நேரம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள்.

துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அந்தக் காலத்தில் இல்லாத சீட் பெல்ட் வந்தது. தங்கையின் கைக்கு வலிக்குமே என்று பவர் ஸ்டீயரிங்கும் வந்தது. வெளியே மட்டும் அதே பழைய வெளிர்நீலம்.

கடைசியாக மாப்பிள்ளை கேட்ட பிரேக். காயலான் கடைக்குப் போன டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்றிலிருந்து அண்ணன் பெடலைக் கொண்டுவந்து, முணுமுணுத்துக்கொண்டே பொருத்தினார். ஒரு கம்பி போட்டு அதைத் தங்கையின் பிரேக்கோடு சேர்த்தார். இரண்டில் எதை மிதித்தாலும் வண்டி நிற்கும்.

அடுத்த ஞாயிறு வெள்ளோட்டம். தங்கை ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் அண்ணன். மாப்பிள்ளை ஏறி உட்காரவே கால் மணி நேரம் ஆனது.

தெருமுனை தாண்டியதும் தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. அவ்வளவுதான். மாப்பிள்ளை பெடலை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. தங்கையின் இடது கை ஸ்டீயரிங்கில் இடித்தது.

அவள் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்ல, பிரேக் நல்லாத்தான் பிடிக்குது."

அண்ணனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மாப்பிள்ளை இது? சைக்கிள் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? ராப்பகலா உழைச்சு வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கா. அவ மேல ஒரு துளி நம்பிக்கை வெக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் மருமகனிடமிருந்து போன். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

அண்ணன் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தார். மாப்பிள்ளை பெல்ட் போட்டுக்கொண்டு காரில் தயாராக உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. தங்கை வீட்டைப் பூட்டப் போயிருந்தாள்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அண்ணன் மண்டியிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். தங்கையின் பிரேக் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் பெடல் மட்டும் தொளதொளவென்று ஆடியது. இரண்டையும் சேர்க்கும் கம்பியைக் காணோம்.

"மாப்பிள்ளை, கம்பி எங்க?"

"மெதுவா பேசுங்க மச்சான். நான்தான் ஞாயித்துக்கிழமையே கழட்டிட்டேன்."

"பிடிவாதமா கேட்டு வாங்கினது நீங்கதானே?"

"கேட்டேன். இருந்தா மறுபடியும் மிதிச்சிடுவேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு மழையில ஒரு நாய் குறுக்க வந்துச்சு. ஒதுங்கிப் போக இடம் இருந்துச்சு மச்சான். நான் பயத்துல பிரேக்கை மிதிச்சேன், வண்டி சுத்திடுச்சு. நம்பிக்கை இல்லையான்னு கேட்டீங்களே, இல்லதான். இந்தக் கால் மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

அண்ணனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "அஞ்சு மணி நேரம் எப்படி உக்காருவீங்க?"

"பயந்துக்கிட்டேதான். அவகிட்ட சொல்லிடாதீங்க. பிரேக் இல்லாம உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா, ரோட்டை விட்டுட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு ஓட்டுவா."

தங்கை வந்து கதவைத் திறந்தாள். "அண்ணா, ரெண்டு பிரேக்கையும் பாத்துட்டியா?"

அண்ணன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். முப்பது வருஷ டிப்போ வேலையில், சரியில்லாத வண்டியைச் சரி என்று ஒரு நாளும் சொல்லாத மனுஷர்.

"பாத்துட்டேன்மா. ரெண்டும் கச்சிதமா இருக்கு. மாப்பிள்ளையை நம்பி ஓட்டு" என்றார்.