உதிர்ந்த கொம்பு

ஜூலைப் புழுக்கத்தில் கராஜ் முழுக்கத் தீய்ந்த எலும்பு நாற்றம், பல் டாக்டரின் அறை போல. பனி உருகியபோது ஓடைக்கரையில் நான் பொறுக்கி வந்த கொம்புகள் இவை. மான் தானாக உதிர்த்துவிட்டுப் போனவை. அதைக் காட்டிக்கொடுக்கும் உருண்ட அடிப்பாகத்தை என் கணவன் வெண்டல் மட்டமாகத் தேய்க்கிறான். மீசையில் படியும் வெள்ளைத் தூளை நாக்கால் நக்கிக்கொள்கிறான். மேசைமேல் பிளாஸ்டிக் மண்டையோடு, நிஜ எலும்பின் நிறம் வருவதற்காக நேற்றைய மிச்சக் காப்பியைப் பூசிக்கொண்டு, ஈரமாக இளிக்கிறது. இதை ஊர் மதுக்கடைச் சுவரில் மாட்டப்போகிறானாம். அவன் தம்பி டுவேன் பீர் டப்பாவோடு பாடம் ஒப்பிக்க வைக்கிறான்.

"எவ்வளவு தூரத்துல சுட்டேன்னு கேப்பானுங்கண்ணே."

"இருநூறு கஜம். ஒரே குண்டு."

"நேத்து நூத்தம்பதுன்ன!"

"மான் ஓடுச்சுடா."

இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். வெண்டல் கொம்புகளைத் திருகாணியில் ஏற்றி, பெரிய மானாகத் தெரிய வெளிப்பக்கம் விரிக்கிறான். இடது கொம்பில் ஒரு கிளை மட்டும் மடக்கிய விரல்போலக் கீழே வளைந்திருக்கிறது. திறந்த கதவுக்கு வெளியே, என் தோட்டத்தில், வெல்வெட் போன்ற மெல்லிய தோல் போர்த்தி வளரும் புதுக்கொம்போடு ஒரு மான் நிற்கிறது. இடப்பக்கம் அதே வளைந்த கிளை.

"வெண்டல், நீ கொன்ன மான் என் பீன்ஸைத் தின்னுக்கிட்டு நிக்குது."

மான் அவனைப் பார்த்தபடியே மெல்லுகிறது. வெண்டல் எழுந்து கதவை இறக்கிவிட்டு வந்து, கொம்பை இன்னும் ஒரு விரல்கடை விரிக்கிறான்.