முதல் புள்ளி

"எனக்க வெள்ளரியில என்னத்தலே அடிக்க?"

தாணம்மாள் போட்ட சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

செல்வன் திடுக்கிட்டுத் திரும்பினான். முதுகில் மருந்தடிக்கிற பம்பு. காலடியில் அவளுடைய வெள்ளரிக்கொடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வயல்காரன். போன கோடையில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

"ஒண்ணும் இல்லக்கா..."

"ஒண்ணும் இல்லாமலா நல்லா வெளுக்கதுக்கு முன்ன களவாணி கணக்கா வந்து நிக்க? உனக்க கொடி பட்டுப் போச்சுன்னு எனக்கதையும் கரிக்க வந்தியா?"

விஷு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விடிந்ததும் முதலில் கண்விழித்துப் பார்க்கிற கணியில் வைக்கிற பொன்னிற வெள்ளரிதான் அவள் வயல் முழுக்க. நெல் ஏமாற்றிவிட்ட வருஷம். வீட்டுக்கு இனி இந்தக் காய்தான் கதி.

வரப்பில் கிடந்த பொட்டலத்தை எட்டி எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி.

"வெசம்! வெசப் பொடி!"

செல்வன் கிட்டே வந்தான். பொட்டலத்துக்குள் விரலை விட்டான். ஒட்டினதை நாக்கில் வைத்து நக்கினான்.

"ஐயோ, சாவப் போறானே!" தாணம்மாளே அவன் கையைத் தட்டிவிட்டாள்.

சத்தம் கேட்டு மகள் சபிதா ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள்.

"பொட்டாசியம் பைகார்பனேட். நம்ம ஆப்ப சோடாவுக்குத் தம்பிம்மா இது. உப்பு குறைக்கணும்னா சோடாவுக்குப் பதிலா கேக்குல போடுவாங்க. சில தீயணைக்கிற சிலிண்டர்லயும் இருக்கும்."

"ஏட்டி, இங்க எங்க தீ பிடிச்சிருக்கு?"

சபிதா குனிந்து ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள். மாவு தூவின மாதிரி இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

"இந்தா பிடிச்சிருக்கு. சாம்பல் நோய். இந்தப் பொடியத் தண்ணியில கலக்கி அடிச்சா மேல பரவாது. காயிலயும் வெசம் நிக்காது."

தாணம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ கொடி பிழைச்சிரும்லா?"

"பிழைச்சிரும்மா."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கப்படாதாலே?"

"சொன்னா, நான் கொண்டுவந்த மருந்த அடிக்க விடுவியளாக்கா?"

விடமாட்டாள்தான். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க கொடிக்கு அடிச்சிருக்கலாமே மாமா?" என்றாள் சபிதா.

"அது பிந்திப் போச்சு மக்கா. முதல் புள்ளி விழும்போதே அடிச்சாத்தான் இது கேக்கும். அந்நேரம் நான் எனக்க அம்மைக்குத் துணையா ஆஸ்பத்திரியில கிடந்தேன். வந்து பாத்தா வயலே சாம்பலாக் கிடக்கு."

"இந்த வழி போனவங்க யாரும் பாக்கலியா?"

"பாத்திருந்தா விடுவாங்களா? அக்கா கண்ணுல பட்டிருந்தா, சண்டையாவது மண்ணாவதுன்னு ஓடி வந்து சொல்லியிருக்க மாட்டாங்களா?"

தாணம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் கொடியில் விழுந்த அந்த முதல் புள்ளி அவள் கண்ணில்தான் பட்டிருந்தது.