ஒன்பதாம் நம்பர் பெட்டி

“இன்னிக்கு அதைப் போடாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

அமிர்தலிங்கம் கெஞ்சினார். மார்போடு அணைத்திருந்த மஞ்சள் பையைக் கீழேகூட வைக்கவில்லை.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த வானதிக்குச் சங்கடமாக இருந்தது. நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து ஆராய்ச்சிக்காகத் தரங்கம்பாடிக் கரையில் அமைத்த நெட்வொர்க் அது. படகுக்கு ஒரு பெட்டி; கரண்டிலும் சார்ஜ் ஏறும், வெயிலிலும் ஏறும். பெட்டி பதில் சொன்னால் அவள் திரையில் பச்சை எரியும். ஆபத்தென்றால் பெட்டியிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். இதுவரை அவ்வளவுதான். பதில் எத்தனை வேகமாக வருகிறது என்று அளந்து, பெட்டி கிட்டவா தூரமா என்று காட்டும் புது சாப்ட்வேரை அவள் இன்று சேர்த்தாக வேண்டும். நாளை எல்லாக் கல்லூரிக்காரர்களும் பார்ப்பார்கள்.

“மாமா சொல்றதைக் கேக்காதீங்கக்கா, போடுங்க” என்றாள் அவருடைய மருமகள் சுந்தரி. அவளுக்கு இது நிறைமாதம். “அவரு கிட்ட இருக்காரா, தூரத்துல இருக்காரான்னு தெரிஞ்சாப் போதும்.”

அவள் கணவன் ஜெயபால் தனியாகக் கடலுக்குப் போய் நாற்பத்து மூன்று நாளாகிறது. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காரியத்தைச் செய், தாலியைக் கழற்று என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

“பச்சை எரியுற வரைக்கும் என் மவன் உசுரோடதான் இருக்கான். எவனாச்சும் அவ தாலியைப் பத்திப் பேசுனீங்க, நடக்கிறதே வேற!” என்று ஊர்க்கூட்டத்தில் ஒற்றை ஆளாய் மல்லுக்கு நின்றவர் அமிர்தலிங்கம். தினமும் காலையில் மருமகளைக் கூட்டிவந்து, ஒன்பதாம் நம்பருக்கு நேரே எரியும் பச்சையைக் காட்டிவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்று ஏன் இப்படி நடுங்குகிறார்? பாவம், கெட்ட சேதி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டாள் வானதி.

சாப்ட்வேரை ஓடவிட்டாள். கடலில் இருந்த படகுகளின் பதில்கள் மற்ற படகுகள் வழியாகக் கைமாறிக் கைமாறி நிதானமாக வந்தன. ஒன்றுக்கு ஒரு வினாடி, இன்னொன்றுக்கு இரண்டு. ஒன்பதாம் நம்பர் மட்டும் கேட்ட மாத்திரத்தில், யார் வழியாகவும் வராமல், நேராகப் பதில் சொன்னது.

வானதி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதேதான் வந்தது.

“எங்கக்கா இருக்காரு?”

“தூரம்... ரொம்பத் தூரம், சுந்தரி.”

சுந்தரி தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “வந்துருவாரு மாமா!” என்று சொல்லி, அழுத முகத்தைக் கழுவ வெளியே போனாள்.

வானதி குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, அந்தப் பெட்டி கடல்லயே இல்லீங்க. இங்க கரையிலதான் எங்கயோ இருக்கு.”

“தெரியும்மா.” அமிர்தலிங்கத்தின் உதடு கோணியது. “அன்னிக்கு ராத்திரி சார்ஜ் போட்டு வைக்கிறேன்னு நான்தான் வாங்குனேன். விடியக்காலம் எடுத்துக் குடுக்காமத் தூங்கிப்புட்டேன், பாவி. எம்புள்ள எந்தப் பொத்தானைத் தேடுனானோ! இவளுக்காவது நல்லபடியாப் புள்ள பொறக்கட்டும், அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னுதான்...”

மஞ்சள் பைக்குள் இருந்த துண்டை விலக்கினார். உள்ளே, ஒன்பதாம் நம்பர் பெட்டி பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.