கேமரா பார்க்கிறது

தலைக்கு மேலிருந்த கண்ணாடியை ஓட்டுநர் இரண்டாவது முறையாகக் கீழே திருப்பியதுமே டீச்சருக்குச் சுருக்கென்றது. பின்னால் வரும் வண்டிகள் தெரியவேண்டிய கண்ணாடியில், பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுச் சிறுமியின் முகம் தெரிந்தது.

பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று டீச்சர் அவசரமாகப் பிடித்த ஷேர் டாக்ஸி அது. ஏறும்போது கதவைத் திறக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுத்த தெருமுனையில் ஏறிய இந்த வாண்டோ, கைப்பிடிக்குக் கீழே முஷ்டியால் ஒரே ஒரு குத்து விட்டாள், கதவு திறந்துகொண்டது. பின்னாலேயே அவளுடைய அம்மா ஏறி, ஜன்னலோரம் ஒடுங்கிக்கொண்டாள்.

வண்டியே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கதவுப் பையில் பல் துலக்கும் பிரஷ், முன்சீட்டுக்கு அடியில் சுருட்டிய போர்வை, கொக்கியில் காயும் பனியன். வண்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறான் போலிருக்கிறது என்று முகம் சுளித்தார்.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். முன்சீட்டின் முதுகில் கம்பெனி ஒட்டியிருந்த அறிவிப்பு. ஓட்டுநர் வழியில் வண்டியை நிறுத்தக்கூடாது, உறவினர்களை ஏற்றக்கூடாது, பயணிகளிடம் சொந்தப் பேச்சு பேசக்கூடாது, மீறினால் அன்றே வேலை போகும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே பெருமையாக இன்னொரு வரி: 'இந்த ஓட்டுநர் பத்தொன்பது நாட்களாக விடுப்பின்றி உங்கள் சேவையில்!'

அதற்குச் சாட்சியாக, முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கேமரா சிவப்புப் பொட்டு வெளிச்சத்தோடு விழித்துக்கொண்டிருந்தது. கண்டிப்பு என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

சிக்னலில் வண்டி நின்றது. ஓட்டுநர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் இரண்டு சீட்டுக்கும் நடுவே, கேமராவில் படாதபடி தாழ்வாகப் பின்னால் நீட்டினான். உள்ளங்கையில் ஒரு மிட்டாய். சிறுமி வெடுக்கென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பெற்றவளோ பார்த்தும் பாராததுபோல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளோடு மாரடித்தவர். மிட்டாயில் தொடங்கும் சங்கதி எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"பாப்பா, இந்த அங்கிளை உனக்குத் தெரியுமா?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"தெரியாதுங்க," என்று அம்மா முந்திக்கொண்டாள். "புக் பண்ணினோம், வண்டி வந்துச்சு. அவ்வளவுதான்."

"குழந்தையோட அப்பா எங்க?"

"வேலையில இருக்காருங்க."

பிறகு முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது, பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"பல்லு எப்ப விழுந்துச்சு, பாப்பா?"

"வியாழக்கிழமை."

"வலிச்சுதா?"

"ரத்தமெல்லாம் வந்துச்சு. நான் அழவே இல்ல."

கண்ணாடியில் அவன் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. "ஹலோ, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!" டீச்சர் வகுப்பறைக் குரலில் அதட்டினார். "குழந்தைகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு?"

"சாரி மேடம்."

கண்ணாடி மேலே போனது. அடுத்த திருப்பம் வருவதற்குள் மறுபடி கீழே இறங்கிவிட்டது.

இனியும் சும்மா இருந்தால் அவர் டீச்சரே இல்லை. போனை எடுத்து டாக்ஸி ஆப்பில் புகார்ப் பக்கத்தைத் திறந்தார். 'குழந்தைக்குப் பாதுகாப்பில்லை' என்ற வரியைத் தொட்டார். 'புகாரைத் திரும்பப் பெற முடியாது. அனுப்பலாமா?' என்று கேட்டது.

பாவம், பிழைப்பு போய்விடுமே என்று விரல் ஒரு கணம் தயங்கியது. பக்கத்தில் அந்தச் சிறுமி, பல் போன ஓட்டையில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சர் அழுத்திவிட்டார்.

இரண்டு தெரு தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. ஓட்டுநரின் போன் ஒரு பெண் குரலில், பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசியது. "உங்கள் மீது புகார் வந்துள்ளது. நீங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். பயணிகளை இறக்கிவிட்டு, வண்டியை உடனே ஷெட்டில் ஒப்படைக்கவும்."

வண்டி ஓரமாக நின்றது. அவன் பதறிப்போய் கம்பெனியின் எண்ணை அழுத்தினான். "இந்தச் சேவை இனி உங்களுக்குக் கிடையாது" என்றது அதே குரல். மறுபடி அழுத்தினான், மறுபடி அதையே சொன்னது. அவன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, நான்தான் புகார் குடுத்தேன்," டீச்சர் அவள் தோளில் ஆதரவாகத் தட்டினார். "இனிமே இந்த ஆளு உங்க பொண்ணு பக்கமே வர முடியாது."

அவளுடைய கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது.

முன்னால், கேமராவின் சிவப்புப் பொட்டு அணைந்தது. வண்டியில் ஏறியதிலிருந்து அதன்மேலேயே ஒரு கண் வைத்திருந்த சிறுமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, லைட்டு அணைஞ்சிருச்சு! இப்ப அப்பான்னு கூப்பிடலாமா?"