தொட்டிப் பக்கம் இழுத்த வண்டி

"அண்ணே, இந்த வண்டியை எங்க அப்பாவால ஓட்ட முடியாத மாதிரி பண்ணித் தரணும்."

பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த வண்டியைக் காட்டி ஒரு மகள் இப்படிக் கேட்டாள், கண்ணுகளா. கிட்ட வந்து உட்காருங்கள், மெக்கானிக் என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

அது பக்கவாட்டில் இன்னொருவர் உட்காரச் சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிள். சைடுகாரைப் பட்டறையில் தொட்டி என்பார்கள். காலையில் அவளுடைய அப்பாதான் கொண்டுவந்து விட்டிருந்தார். "தொட்டிப் பக்கமே இழுக்குதுப்பா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது" என்று புகார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் வண்டியை ஓட வச்சுக் குடுன்னுதான் கேப்பாங்க. நீ என்னடான்னா..."

"விளையாடாதீங்கண்ணே. நீங்களே ஓட்டிப் பாத்தீங்கல்ல? இழுத்துச்சா?"

"எங்க இழுத்துச்சு? உன்னையே தொட்டியில உக்கார வச்சுத்தானே ஓட்டினேன். கையை விட்டாலும் நேரா போகுது."

"அப்ப கோளாறு எதுல?"

மெக்கானிக் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அவளே சொன்னாள்:

"அப்பா கையிலதான். எழுபது தாண்டியாச்சு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. நேத்து சர்க்கரை டப்பாவுல உப்பைக் கொட்டி வச்சிருக்கார். அம்மாவைத் தொட்டியில ஏத்திக்கிட்டு தினமும் காலையில கிளம்பிடறார். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். வேண்டாம்ப்பான்னா, 'உன்னை இதுல வச்சுத்தான் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டேன்'ங்கறார். என்னைக்காவது ரெண்டு பேரையும் ஒண்ணா..."



"கவுக்கற வேலை நான் பண்ண மாட்டேம்மா."

"ஐயையோ, அப்படிக் கேப்பேனா? அவரா சலிச்சுப்போய் விட்டுடணும். அவ்வளவுதான்."

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஐயா நல்ல கனம். அம்மா உன்னை மாதிரியே, காத்தடிச்சா பறக்கற உடம்பு. அந்தக் கனத்துக்கு இப்ப வண்டி சரியா நிக்குது. பைக்கை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சுடறேன். தொட்டிக்கு எதிர்ப்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். கவுறாது. கைதான் விட்டுப்போகும்."

சீட்டின் மேல் அப்பாவின் கனத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றினார். அம்மாவுக்குப் பதிலாக மகள் தொட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணை ஏன் இறுக்கி மூடிக்கிட்டிருக்கே? வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் மெக்கானிக்.

பைக்கையும் தொட்டியையும் மேலே இணைக்கும் கம்பியின் மரையைத் திருகி நீட்டினார். பைக் மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது. சாய்வை அளக்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, இன்னும் ஒரு திருகு திருகினார்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வண்டியை எடுக்க வந்தார்கள். மகள் பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பா சீட்டில் ஏற, அம்மா தொட்டியில் உட்கார்ந்தார். கிளம்பியதும் வண்டி நடுத்தெருவுக்குப் பாய்ந்தது.

"எங்க போறீங்க? வீடு இந்தப் பக்கம்!" என்றார் அம்மா.

"என்கிட்ட ஏன் சொல்றே, வண்டிகிட்ட சொல்லு!"

தெருமுனை திரும்பும்வரை அப்பா ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டே போனார்.

மகள் வெளியே வந்தாள். "ஒரு வாரம் தாங்காதுண்ணே" என்றாள். பெருமூச்சும் விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, என்ன பண்ணித் தொலைச்சீங்க? முன்னெல்லாம் காலையில மட்டும்தான் போவார். இப்ப சாயங்காலமும் கிளம்பிடறார்! வரும்போது விசில் வேற!"

மெக்கானிக் பதில் யோசிப்பதற்குள் பட்டறை வாசலில் அப்பாவே வந்து நின்றார். மெக்கானிக் அவசரமாகப் போனை வைத்தார்.

"கையைக் குடுப்பா முதல்ல. வேலைன்னா இதுதான் வேலை! நூல் பிடிச்ச மாதிரி போகுது."

"தோள் வலி, ஐயா?"

"போன இடம் தெரியல."

"எதிர்ப்பக்கமா... இழுக்கவே இல்லையா?"

"கிளம்பும்போது கொஞ்சம் முரண்டு பண்ணுது. தெருமுனை வரைக்கும்தான். அப்புறம் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். தன் கையால் திருகிய மரை. இளகிவிட்டதா? இளகியிருந்தால் பழைய மாதிரி அல்லவா இழுக்க வேண்டும்?

"ஐயா, வண்டியை ஒரு தடவை பாத்துடறேன். எங்க நிக்குது?"

"முனையில. வாயேன்" என்று அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

முனையில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அப்பா விளிம்பைக் கையால் தடவிப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். அவர் கனத்தில் தொட்டி அமுங்க, சாய்ந்து நின்ற பைக் நேராக நிமிர்ந்தது. சீட்டில் ஹெல்மெட்டும் கையுறையுமாக உட்கார்ந்திருந்த அம்மா மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"இவருக்குக் கண்ணு மங்கினதுலேர்ந்து, முனை தாண்டினா நான்தான் தம்பி ஓட்டறேன். தோள் வலிச்சதும் எனக்குத்தான். எங்க பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதே, அப்பா ஓட்டறார்னு நினைச்சாத்தான் அவ வீட்டுல நிம்மதியா இருப்பா."

உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம், ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், நல்லபடியாக வாசலுக்குத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.