புகை வரும் நேரம்

இன்னும் புகை வரவில்லை.

அவள் பனை வடலி மறைவில் குந்தியிருந்து பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மற்ற நாள்களில் இந்நேரம் கூரைக்குப் பின்னால் கறுப்பாக எழும்பி, காற்றோடு சாய்ந்து, இந்தப் பனங்கூடலுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடம் இப்போது இராணுவ முகாம். பத்தாம் வகுப்பு அறையில்தான் அவர்கள் சமைக்கிறார்கள் என்று கிரிதரன் சொல்வான். அவனும் அவளும் படித்தது அந்த வகுப்பில்தான்.

அவர்கள் சமைக்கும்போது, கூடலுக்குள் ஒளிந்திருக்கும் இவர்களும் சமைப்பார்கள். அந்தப் புகைக்குள் இந்தப் புகை போய்விடும்.

பதினாறு நாள்களாக அப்படித்தான்.

அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிய உழவு இயந்திரம் பாலத்தைத் தாண்டியது. பின்னால் சைக்கிளில் அவளும் தங்கையும் கிரிதரனும் வந்து சேர்ந்தபோது பாலம் உடைந்து கிடந்தது.

பனங்கூடலின் மறு கரையிலும் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒரு விடியலில் தேநீருக்குத் தீ மூட்டினார்கள். தண்ணீர் கொதித்திருக்காது. ஷெல் விழுந்தது.

கொட்டிலுக்குள் தர்மினி முனகினாள். தங்கைக்குப் பன்னிரண்டு வயது. மூன்று நாளாக வயிற்றோட்டம். நேற்றிலிருந்து காய்ச்சல். கொதிக்கவைத்த தண்ணீர் காலையில் முடிந்துவிட்டது. இனி இருப்பது பாசி மணக்கும் கேணித் தண்ணீர். அதைக் குடித்துத்தான் இப்படி ஆனாள்.

கிரிதரன் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்தான்.

"என்ன, ஆமிக்காரருக்கு இண்டைக்கு விரதமோ?"

அவள் சிரிக்கவில்லை.

"காலமை வாகனச் சத்தம் கேட்டதெல்லே. போயிட்டாங்கள் போல. நான் மூட்டுறன்."

"பொறும்."

"நாங்கள் பொறுப்பம். உம்மட தங்கச்சி பொறுப்பாளோ?"

தீப்பெட்டி அவள் மடியில் இருந்தது. அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவன் பறிக்கவும் இல்லை.

தர்மினி தண்ணீர் கேட்டாள்.

ஒரு தரம்தான். பிறகு கேட்கவில்லை.

அதுதான் பயமாக இருந்தது.

அவள் தீப்பெட்டியைத் திறந்தாள். மூன்று குச்சிகள். ஒன்றை எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது.

புகை.

பள்ளிக்கூடத்தில் அல்ல. அதற்கு இந்தப் பக்கம், தெருவோரத்து வீடுகளில். ஒரு வீட்டில். அடுத்ததில். பிறகு வயல் கரையில் இருந்த கடைசி வீட்டில்.

"வீடுகளுக்குள்ள வந்திட்டாங்கள்," என்றான் கிரிதரன். குரல் இறங்கியிருந்தது. "கிட்ட வந்திட்டாங்கள்."

அவள் கடைசி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஓட்டின் இடது ஓரத்தில் மெல்லிய இழை ஒன்று. அதற்குப் பிறகுதான் புகைபோக்கியில். புகைபோக்கியில் வெடிப்பு விழுந்த இடத்தைப் பூசுவதாக அப்பா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏசுவாள்.

ஒரு கணம், அம்மா வந்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

கிரிதரன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்கட வீடே?"

அவள் தலையாட்டினாள்.

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

புகை தடித்தது. பள்ளிக்கூடத்துப் புகையைப் போலவே காற்று அதையும் கொண்டுவந்து கூடலின்மேல் பரப்பியது. பூவரசங்கட்டை. அந்த மணம் அவளுக்குத் தெரியும். மாரிக்கென்று அம்மா குசினிச் சுவரோடு அடுக்கிவைத்தது. அம்மா எடுத்துக் கொடுக்க, மேல் வரிசையை அவள்தான் ஏணியில் நின்று அடுக்கினாள்.

நாலு பேருக்குச் சமைத்தால் தை வரைக்கும் காணும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

அவள் குச்சியை உரசினாள்.